போர்வையை விலக்கிக் காட்டிய கை

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரையின் எழுத்து வடிவம்)



கல்லூரிகள் திறந்துவிட்டன. தாம்பரம் ரயில் நிலையத்தில் விடியற்காலையில் சற்று நேரம் நின்றால் போதும், இதைக் கண்ணால் காணலாம். நாகர்கோவில், திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமேஸ்வரம் என்று தெற்கிலிருந்து வரும் ரயில்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன. புதுப்பெட்டி, பழைய தலையணை, பிளாஸ்டிக் வாளி, அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கு டப்பா ஆகியவற்றோடு பிள்ளைகள் இறங்குகிறார்கள். 2023ஆம் ஆண்டின் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, பேருந்தில் வருகிறவர்களும் நம் பக்கத்திலேயே இறங்குகிறார்கள். அஸ்ஸாம் மாநிலத்தின் சில்காட்டிலிருந்து புறப்படும் நாகாவுன் எக்ஸ்பிரஸ் பல இரவுகள் ஓடி, நம் தாம்பரத்தில்தான் வந்து முடிகிறது. அதில் இறங்கும் பிள்ளைகளும் நம் தெருக்களில்தான் அறை தேடுகிறார்கள்.

சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. 1949இல் குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. தொடங்கப்பட்டது. பிறகு சேலையூர், வண்டலூர், காட்டாங்குளத்தூர், மேற்குத் தாம்பரம் என்று கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் பெருகின. விடுதியில் இடம் கிடைக்காதவர்கள் பெருங்களத்தூரிலும் முடிச்சூரிலும் பி.ஜி.க்களிலும் வாடகை அறைகளிலும் தங்குகிறார்கள். நம் வீட்டு மாடியில் இருக்கிறார்கள். ஷேர் ஆட்டோவில் நம் அருகில் அமர்ந்து வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தின் கடைசி வரிசையில் நிற்கிறார்கள். திருப்பலி முடிந்ததும், நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விடுகிறார்கள்.

அவர்களில் பலருடைய நெஞ்சில் இருக்கும் ஒரு பாரத்தைக் குறித்து இன்று சிந்திப்போம். ஊர் நினைவு, வீட்டு ஏக்கம் என்று நாம் சொல்வது அதைத்தான். 'இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? இரண்டு நாள் அழுவார்கள், மூன்றாம் நாள் சரியாகிவிடும்' என்று நாம் நினைக்கலாம். பலருக்குச் சரியாகத்தான் ஆகிறது. சிலருக்கு ஆவதில்லை. அந்தச் சிலரைக் கண்டுகொள்ள யாராவது இருக்கிறார்களா என்பதுதான் இன்றைய கேள்வி.

1688ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் யோகான்னஸ் ஹோஃபர் என்ற இளம் மருத்துவர் ஓர் ஆய்வேடு எழுதினார். ஊரைப் பிரிந்த ஏக்கத்தால் உடல் நலிகிறவர்களைப் பற்றியது அது. வீடு திரும்புதல், வலி என்னும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'நாஸ்டால்ஜியா' என்ற சொல்லை உருவாக்கியவர் அவரே. அவர் விவரித்தவர்களுள் ஒருவர், பெர்ன் நகரிலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த ஒரு மாணவர். காய்ச்சலும் கவலையுமாகப் படுத்துவிட்ட அவர், ஊருக்கு அழைத்துச் செல்கிறோம் என்று சொன்னதுமே தேறத் தொடங்கினார். ஆக, முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஏக்கம் மருத்துவ ஏட்டில் ஏறியபோது, அதில் ஒரு கல்லூரி மாணவர் இருந்தார்.

இன்று மருத்துவர்கள் இதை ஒரு நோய் என்று சொல்வதில்லை. வீட்டை விட்டு வந்த எவருக்கும் ஓரளவு வரக்கூடிய இயல்பான உணர்வு என்றே சொல்கிறார்கள். ஆனால் அது நீடித்து ஆழமாகும்போது உடலையும் உள்ளத்தையும் பாதிக்கிறது. பசி குறைகிறது. தூக்கம் கெடுகிறது. காரணம் தெரியாத வயிற்று வலியும் தலைவலியும் வருகின்றன. வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் பாடம் மனத்தில் ஏறுவதில்லை. பிறகு வகுப்புக்குப் போவதே குறைகிறது. தேர்வில் பாடங்கள் நின்றுபோகின்றன. அதை வீட்டில் சொல்ல முடியாத வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. ஏக்கம் தனிமையாகிறது. தனிமை சிலரிடம் மனச்சோர்வு நோயாக முற்றுகிறது.

அன்பார்ந்தவர்களே, இப்படி ஏங்குகிற பிள்ளையிடம் நாம் பொதுவாக என்ன சொல்கிறோம்? 'நன்றாகச் செபம் செய், சரியாகிவிடும்' என்கிறோம். செபம் வேண்டும்தான். ஆனால் அப்படிச் சொல்லும்போது, ஏங்குவது விசுவாசக் குறைவு என்று அந்தப் பிள்ளைக்குக் கேட்டுவிடக் கூடாது. பாபிலோனின் ஆற்றங்கரையில் உட்கார்ந்து, யாழை மரத்தில் மாட்டிவிட்டு, சீயோனை நினைத்து அழுதவர்களின் குரல் திருப்பாடல்களுக்குள்ளேயே இருக்கிறது. திருச்சபை அந்த அழுகையை ஒதுக்கி வைக்கவில்லை. தன் இறைவேண்டலாக்கிக்கொண்டு இன்றும் பாடி வருகிறது. வீட்டை நினைத்து அழுகிறவர் கடவுளை விட்டு விலகியவர் அல்லர். அன்பு செய்யத் தெரிந்தவர். அன்பு செய்தவர்களை அருகில் காணாததால் வரும் வலி அது.

அந்தப் பாபிலோனில் இருந்த ஒரு மாணவரை நினைத்துப் பார்ப்போம். தானியேல் நூலின் முதல் அதிகாரத்தைத் திறந்தால், அது ஏறக்குறைய ஒரு கல்லூரி விடுதியின் கதைபோலவே இருக்கிறது. எருசலேமிலிருந்து அழகும் அறிவும் உள்ள இளைஞர்கள் அரண்மனைக்குக் கொண்டுவரப்படுகிறார்கள். கல்தேயரின் மொழியையும் இலக்கியத்தையும் அவர்கள் கற்க வேண்டும். படிப்புக்காலம் மூன்று ஆண்டுகள். அதாவது, நம் பிள்ளைகளின் ஒரு பட்டப்படிப்பு. சாப்பாடு அரண்மனையிலிருந்து வருகிறது. அது அவர்களுடைய சாப்பாடு அல்ல. பெயர்கூட மாற்றப்படுகிறது. தாய் தந்தையர் கூப்பிட்ட பெயர் போய், வாயில் நுழையாத வேறொரு பெயர் வந்துவிடுகிறது.

அங்கே தானியேலைத் தாங்கியவை எவை? நாம் மூன்றைக் கவனிப்போம்.

முதலாவது, அவர் தனியாக இருக்கவில்லை. நான்கு பேராக இருந்தார்கள். உயிருக்கே ஆபத்து வந்த இரவில் தானியேல் தம் அறைக்குத் திரும்பி, நண்பர்களிடம் விஷயத்தைச் சொல்லி, சேர்ந்து மன்றாடும்படி கேட்டுக்கொண்டார்.

இரண்டாவது, அந்த அந்நிய ஊரிலேயே அவருக்குச் செவிகொடுக்க ஒருவர் இருந்தார். உணவைப் பற்றித் தானியேல் கேட்டபோது, பத்து நாள் சோதித்துப் பார்ப்போம் என்று மேற்பார்வையாளர் ஒப்புக்கொண்டார். இன்றைய மொழியில் சொன்னால், அவர் விடுதிக் காப்பாளர். 'எல்லாருக்கும் உள்ளதுதான் உனக்கும்' என்று அவர் கதவைச் சாத்திவிடவில்லை. அவருக்கு மேலிருந்த அலுவலர் தலைவரின் உள்ளத்தில் தானியேல்மீது இரக்கத்தைத் தந்தவர் கடவுள் என்று விவிலியம் சொல்கிறது. கடவுள் தானியேலுக்குச் செய்த முதல் உதவி ஓர் அற்புதம் அல்ல, காதுகொடுத்துக் கேட்கும் ஒரு மனிதர்.

மூன்றாவது, எருசலேமை நோக்கித் திறந்த ஒரு சன்னல் அவர் வீட்டில் இருந்தது. நாள்தோறும் மும்முறை அதன் முன் முழந்தாளிட்டார். மற்ற நேரத்தில் பாபிலோனின் வேலையைப் பார்த்தார். ஊரை மறக்கவும் இல்லை, நாள் முழுவதும் சன்னலிலேயே நிற்கவும் இல்லை.

நண்பர்கள், கேட்கும் ஒருவர், ஊரை நோக்கிய ஒரு சன்னல். இந்த மூன்றும் உள்ள பிள்ளை எந்த ஊரிலும் தாக்குப்பிடிக்கும். இவற்றில் நடுவில் உள்ள ஒன்றை அந்தப் பிள்ளை தானாகச் செய்துகொள்ள முடியாது. அது நம் கையில் இருக்கிறது.

நம் தமிழ் மண்ணிலிருந்தே ஒருவரை எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக வேலை பார்த்த கணித மேதை சீனிவாச இராமானுஜன். பேராசிரியர் ஹார்டியின் அழைப்பை ஏற்று, 1914ஆம் ஆண்டு மார்ச் மாதம் சென்னையிலிருந்து கப்பலேறி இங்கிலாந்து போனார். கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 26. மனைவி ஜானகி உடன் போகவில்லை. சில மாதங்களில் உலகப் போர் மூண்டது. கடல்வழித் தபால் தடுமாறியது. காய்கறி கிடைப்பது அரிதாயிற்று. அவர் புலால் உண்ணாதவர். கல்லூரி உணவுக்கூடத்தில் மற்றவர்களோடு உட்கார முடியாமல், தம் அறையிலேயே தாமே சமைத்துச் சாப்பிட்டார். கணக்கில் மூழ்கிவிட்டால் அந்தச் சாப்பாடும் நேரம் தவறிப்போகும்.

அந்த முதல் குளிர்காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சி. அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த வங்காள மாணவர் மகலனோபிஸ், பிற்காலத்தில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கியவர், ஒருநாள் இராமானுஜனைப் பார்க்க வந்தார். இராமானுஜன் கணப்பு அடுப்புக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தார். 'இரவில் குளிர் தாங்குகிறதா?' என்று மகலனோபிஸ் கேட்டார். மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையையும் சுற்றிக்கொண்டு படுப்பதாக இராமானுஜன் சொன்னார். போர்வை போதவில்லையோ என்று மகலனோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார். கட்டிலில் போர்வைகள் நிறையவே இருந்தன. ஆனால் அவை மெத்தைக்கு அடியில் இறுக்கமாக மடித்துச் செருகப்பட்டு, மேலே ஒரு விரிப்பு மூடியிருந்தது. அந்த விரிப்பை விலக்கி, போர்வைகளுக்கு இடையே நுழைந்து படுக்க வேண்டும் என்பது இராமானுஜனுக்குத் தெரியாது. மகலனோபிஸ் போர்வையை விலக்கிக் காட்டினார். இராமானுஜன் நெகிழ்ந்துபோனார் என்று மகலனோபிஸ் பின்னாளில் எழுதினார்.

அன்புக்குரியவர்களே, இதைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம். உலகமே வியந்த மூளை அது. ஆனால் கட்டிலில் இருந்த போர்வையை எடுத்துப் போர்த்திக்கொள்ளத் தெரியாமல் இரவெல்லாம் நடுங்கியது. போர்வை இல்லாத குறை அங்கே இல்லை. உள்ளே வந்து பார்க்க ஒரு மனிதர் இல்லாததே குறை. கல்லூரி அவருக்கு அறை கொடுத்தது, கட்டில் கொடுத்தது, கம்பளி கொடுத்தது. ஒரு சக மாணவர்தான், 'தூக்கம் வருகிறதா?' என்று கேட்டு, எழுந்து உள்ளே போய்ப் பார்த்தார்.

பின்னர் நடந்ததும் நமக்குத் தெரியும். 1917இல் இராமானுஜன் நோயில் விழுந்தார். ஒரு மருத்துவ விடுதியிலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருந்தார். வீட்டுக் கடிதங்கள் குறைந்துபோயின. ஒரு கட்டத்தில் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார் என்பதை வானியல் அறிஞர் சந்திரசேகர் பதிவு செய்திருக்கிறார். அதே 1918ஆம் ஆண்டில்தான் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. வெளியே மாலையும் மரியாதையும், உள்ளே தாங்க முடியாத இருள். 1919இல் ஊர் திரும்பிய அவர், 1920 ஏப்ரல் 26 அன்று தம் 32ஆம் வயதில் சென்னையில் காலமானார். அவருடைய நோய் என்ன என்பது குறித்து மருத்துவர்கள் பிற்காலத்தில் வெவ்வேறு கருத்துகளைச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஊர் ஏக்கமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மதிப்பெண்ணும் பாராட்டும் வந்துகொண்டிருக்கிறது, ஆகையால் பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது என்று நாம் முடிவுகட்டிவிடக் கூடாது என்பதை அவர் வாழ்க்கை நமக்குச் சொல்கிறது.

இனி, நம் முடிச்சூருக்கு வருவோம். இங்கே குடியிருக்கும் நாம் யார்? நம்மில் பெரும்பாலோர் வேறோர் ஊரிலிருந்து வந்தவர்கள்தாமே? கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்தும், திண்டுக்கல்லிலிருந்தும், தஞ்சையிலிருந்தும், விழுப்புரத்திலிருந்தும் வேலைக்காக வந்து, மனை வாங்கி, வீடு கட்டி, மெல்ல மெல்ல இதை ஊராக்கிக்கொண்டவர்கள். சொந்த ஊர்த் திருவிழா தேதி வரும்போதெல்லாம் நம் நெஞ்சும் இன்றுவரை ஒரு துடிப்புத் துடிக்கத்தான் செய்கிறது.

2015ஆம் ஆண்டு நவம்பரிலும் டிசம்பரிலும் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்ததை நாம் மறக்கவில்லை. படகு வந்தது. மாடியிலிருந்து இறங்கினோம். உறவினர் வீட்டிலும் மண்டபத்திலும் பள்ளிக்கூடத்திலும் படுத்தோம். யாரோ கொடுத்த பாய், யாரோ கொடுத்த உணவுப் பொட்டலம். அப்போது வீடு என்பது சுவரும் கூரையும் மட்டும் அல்ல என்று நமக்குப் புரிந்தது. நம் தலையணை, நம் அடுப்பு, நம் தெருவின் சத்தம், இவையெல்லாம் சேர்ந்ததுதான் வீடு. அந்தச் சில நாள்களில் நாம் உணர்ந்ததைத்தான், மேல்மாடி அறையில் இருக்கும் அந்தப் பிள்ளை மாதக்கணக்கில் உணர்ந்துகொண்டிருக்கிறது.

அதிலும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வருகிறவர்களின் நிலை இன்னும் கடினம். 2012ஆம் ஆண்டு ஆகஸ்டில் செல்போன்களில் பரவிய வதந்திகளால் அச்சம் கொண்டு, வடகிழக்கு மக்கள் ஆயிரக்கணக்கில் பெங்களூருவையும் சென்னையையும் விட்டு ரயிலேறினார்கள். அத்தனை ஆண்டுகள் அருகில் வாழ்ந்தும், 'பயப்படாதே, நாங்கள் இருக்கிறோம்' என்று பக்கத்து வீட்டில் ஒருவர் சொல்லியிருந்தால், எத்தனை பேர் தங்கியிருப்பார்கள்! அவர்களில் கிறிஸ்தவர்கள் பலர். ஒரே அப்பத்தில் பங்குகொள்ளும் நம் சொந்தச் சகோதரர்கள். அவர்கள் அறையில் மூங்கில் குருத்தோ, உலர்ந்த மீனோ சமைத்தால் 'என்ன நாற்றம்' என்று முகம் சுளிக்கிறோம். நம் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு கொதிக்கும்போது மட்டும் அது ஊரின் மணமாகிவிடுகிறது. அவர்களுக்கும் அது ஊரின் மணம்தான்.

ஆகவே, நாம் செய்யக் கூடியவற்றை எளிமையாகச் சொல்லிக்கொள்வோம்.

முதலில் பெற்றோருக்கு. இறைவாக்கினர் எரேமியா, பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து ஒரு கடிதம் எழுதினார். அவருடைய நூலின் 29ஆம் அதிகாரத்தில் அது இருக்கிறது. வீட்டிலிருந்து போன கடிதம் அது. அந்த நாள்களில் ஒரு போலி இறைவாக்கினன், இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் திரும்பிவிடலாம் என்று இனிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எரேமியா அப்படிச் சொல்லவில்லை. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்த நகரின் நலனுக்காக மன்றாடுங்கள், ஆண்டவர் உங்களைத் திரும்பக் கொண்டுவரும் காலமும் வரும் என்று எழுதினார். நம் தொலைபேசி அழைப்புகளும் எரேமியாவின் கடிதம் போல இருக்கட்டும். 'பிடிக்கவில்லையென்றால் உடனே கிளம்பி வந்துவிடு' என்று முதல் நாளே சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை பெட்டியைத் திறக்கவே திறக்காது. ஊர் ஏக்கத்தை ஆராய்ந்த மருத்துவர்களும் இத்தகைய வாக்குறுதி நல்லதல்ல என்றே சொல்கிறார்கள். மாறாக, 'முதல் சில வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும், அது எல்லாருக்கும் உள்ளதுதான், தினமும் இந்த நேரத்துக்குப் பேசுவோம், இந்தத் தேதிக்கு ஊருக்கு வரலாம்' என்று தெளிவாகச் சொல்வோம்.

'சாப்பிட்டாயா?' என்று தவறாமல் கேட்கிறோம். கூடவே, 'யாரோடு சாப்பிட்டாய்?' என்றும் கேட்போம். அந்த இரண்டாம் கேள்விக்கு வரும் பதிலில்தான் பிள்ளையின் நிலைமை தெரியும். வாங்கிய கடனை ஒவ்வொரு அழைப்பிலும் நினைவூட்ட வேண்டாம். அதைக் கேட்ட பிறகு, 'அம்மா, எனக்கு முடியவில்லை' என்று அந்தப் பிள்ளை எப்படி வாய்திறக்கும்?

அடுத்து, மாணவச் செல்வங்களே, உங்களுக்கு. ஏங்குவது வெட்கப்பட வேண்டிய ஒன்றல்ல. பக்கத்துக் கட்டிலில் சிரித்துக்கொண்டிருக்கிறவரும் போர்வைக்குள் அழுதிருக்கக் கூடும். தானியேலின் சன்னலைப் போல வீட்டுக்கென்று ஒரு நேரம் வையுங்கள். வகுப்பிலும் சாப்பாட்டிலும் படுக்கையிலும் ஓயாமல் வீடியோ காலிலேயே இருந்தால், உடல் இங்கும் உயிர் அங்குமாகக் கிடந்து இரண்டு இடமும் கைவிட்டுப் போகும். வேளைக்குச் சாப்பிடுங்கள், தனியாகச் சாப்பிடாதீர்கள். வாரத்தில் ஒரு மாலையாவது விளையாட்டோ பாடகர் குழுவோ நடையோ, அறைக்கு வெளியே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு திருப்பலிக்கு வாருங்கள். முடிந்ததும் ஓடிவிடாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில்தான் உங்களுக்கு ஒரு குடும்பம் கிடைக்கக் கூடும்.

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டுப்போனாலோ, எதிலும் பற்று இல்லாமல் போனாலோ, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும்கூட, அதை மனத்துக்குள் பூட்டி வைக்காதீர்கள். உடனே நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416. பகலிலும் இரவிலும் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. சென்னையில் சிநேகா அமைப்பு 1986 முதல் இப்பணியைச் செய்துவருகிறது. உதவி கேட்பது பாவமும் அல்ல, பலவீனமும் அல்ல. காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவது போன்றதே இதுவும். நண்பர் ஒருவர் உங்களிடம் அப்படிச் சொன்னால், அவரைத் தனியே விட்டுவிடாதீர்கள். இரகசியம் காப்பதைவிட உயிரைக் காப்பது பெரிது.

கடைசியாக, பங்கு மக்களாகிய நமக்கு. திருப்பலி முடிந்ததும், கடைசி வரிசையில் நிற்கும் முகம் தெரியாத பிள்ளையிடம் போய், 'எந்த ஊர்?' என்று கேட்போம். பெயரைக் கேட்டு, சரியாகச் சொல்லப் பழகுவோம். வடகிழக்குப் பிள்ளையின் பெயர் வாயில் நுழையவில்லை என்று வேறு பெயர் வைத்துக் கூப்பிட வேண்டாம், அது பாபிலோன் செய்த வேலை. ஒவ்வோர் அன்பியமும் தன் பகுதியில் தங்கியிருக்கும் மாணவர்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ளலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு, நம் வீட்டில் ஒரு தட்டு கூடுதலாக வைக்கலாம். விருந்து வேண்டாம், நாம் சாப்பிடும் சோறும் குழம்பும் போதும். கிறிஸ்து பிறப்புக்கு ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காதவர்களைக் கேட்டறிந்து, அன்று அவர்கள் தனியாக இருக்காதபடி பார்த்துக்கொள்ளலாம். வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்கள், மாதம் பிறந்தால் மட்டும் கதவைத் தட்டாமல், காய்ச்சல் என்று கேள்விப்பட்டாலும் தட்டலாம். கஞ்சி ஒரு கிண்ணம் கொண்டுபோகலாம்.

அந்நியராய் வந்தவரை ஏற்றுக்கொண்டபோது தம்மையே ஏற்றுக்கொண்டதாக ஆண்டவர் சொல்கிறார். இறுதி நாளில் நம்மிடம் கேட்கப்படும் கேள்விகளில் அதுவும் ஒன்று. அந்த அந்நியர் எங்கோ தூர தேசத்தில் இல்லை. நம் மாடிப்படியில் ஏறிப் போகிறார்.

நம் கடற்கரை மக்கள் தங்கள் தந்தையாகக் கொண்டாடும் புனித பிரான்சிஸ் சவேரியாரும் ஒரு காலத்தில் ஊரைப் பிரிந்த மாணவர்தான். 1525ஆம் ஆண்டு, 19 வயதில், நவார் நாட்டிலிருந்து பாரிசுக்குப் படிக்கப் போனார். 1529இல் அவருடைய தாய் இறந்தார். அதே ஆண்டில் அவர் தங்கியிருந்த அறைக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். அவர்தான் இஞ்ஞாசியார். முன்பே அங்கிருந்தவர் பீட்டர் ஃபேபர். ஓர் அறையில் தங்கிய மூன்று மாணவர்களின் நட்பிலிருந்து ஒரு துறவற சபை பிறந்தது. பின்னாளில் முத்துக்குளித்துறையிலும் மயிலாப்பூரிலும் பணியாற்றிவிட்டு, இன்னும் தூரத் தீவுகளுக்குப் போனபோது, தோழர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவர்களுடைய கையெழுத்துகளை மட்டும் வெட்டியெடுத்து, தம்மோடு எப்போதும் அணிந்துகொண்டிருந்தார். புனிதருக்கும் ஏக்கம் இருந்தது. அந்த ஏக்கத்தை அவர் மறைக்கவில்லை, நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடந்தார்.

இந்த வாரத்தில், ஊர்விட்டு வந்த ஒரு பிள்ளையின் பெயரையாவது நாம் தெரிந்துகொள்வோம். அந்தப் பெயரை நம் குடும்பச் செபத்தில் சேர்த்துக்கொள்வோம்.

மன்றாடுவோம். பெத்லகேமில் இடமில்லாமல் பிறந்து, எகிப்தில் அகதியாய் வளர்ந்த ஆண்டவரே, வீட்டை விட்டுத் தொலைவில் இருக்கும் எம் பிள்ளைகளைக் காத்தருளும். அவர்களுடைய இரவுகளில் துணையாயிரும். அவர்களை அனுப்பிவிட்டு வாசலையே பார்த்திருக்கும் பெற்றோரைத் தேற்றும். அவர்கள் நடுவில் வாழும் எங்களுக்குப் பார்க்கும் கண்ணையும், கேட்கும் காதையும், எழுந்து உள்ளே போகும் கால்களையும் தாரும். ஆமென்.